ஓரகத்தி வீட்டுக் கூரையில் பனியில்லை

அந்த வருஷம் ஜனவரி ஒன்பதாம் தேதி, வெளியே மைனஸ் முப்பத்தொன்று இருந்த செவ்வாய்க்கிழமை மதியம், மார்லிஸ் ஹாகன் வீட்டுக் கூரையில் மட்டும் பனி உருகி ஓடியது. வியாழக்கிழமைக்குள் வாசலில் புல்லும் முளைத்துவிட்டது. காரணத்தில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. மார்லிஸ் செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குத் தன் சமையலறையிலிருந்து போனில் லைவ் போவாள். பார்க்கிறவர்கள் காசு கட்டுவார்கள். தபாலில் வந்த முத்துச்சிப்பிகளை, வாங்கியவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியால் திறப்பாள், உள்ளே இருக்கும் முத்து அவருக்கு. அன்று பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள். அத்தனை பேர் கண்ணும் ஒரே வீட்டில் விழுந்தால் அது சூடாகாமல் என்ன செய்யும், கண்ணுகளா?

அடுத்த வீடு ஆர்டிஸுடையது. மார்லிஸின் கணவனுக்கு அண்ணன் வெர்லின். அவன் மனைவி இவள். மினசோட்டாவின் வடகோடியில் அந்தச் சின்ன ஊரில் முதன்முதலாகச் சிப்பி திறந்து லைவ் போனவள் ஆர்டிஸ்தான். கத்தியை எங்கே செருக வேண்டும், முத்து தெரிந்ததும் எத்தனை நொடி மூச்சுவிடாமல் நிற்க வேண்டும் என்று ஓரகத்திக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளே. மூன்று வருஷமாக அவளைப் பார்ப்பவர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் சர்ச்சுத் தோழிகள். போனைத் திறந்து வைத்துவிட்டு ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள். அந்தப் பார்வையில் அவள் ஜன்னல் கண்ணாடியில் ஒரு காசளவு உறைபனிகூட இளகவில்லை. வயிறு எரிந்தது, வீடு குளிர்ந்தே கிடந்தது. வெர்லின் குறுக்கெழுத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் தம்பி வீட்டுக்குப் போனான். "அங்க கால் விறைக்கல, அவ்வளவுதான்" என்பான். திரும்பி வரும்போது அவன் சட்டையில் வெயில் வாசம் அடித்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரி இரண்டாம் வெள்ளி அவள் தன் லைவை மூன்று மணிக்குச் சற்றுமுன் முடித்தாள். பதினோரு பேருக்கும் முத்தம் கொடுத்து விடைபெற்றாள். ஆனால் நிறுத்தும் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் மடிக்கணினியில் மார்லிஸைத் திறந்தாள்.

"முத்தாம் முத்து! பட்டாணி இதவிடப் பெருசா இருக்கும். கத்தியப் புடிக்கிறதப் பாரு, உருளைக்கிழங்கு சீவுற மாதிரி. 'வாங்க என் தங்கங்களா'வாம்! அடியே, நான் கத்துக்குடுத்த வார்த்தைடி அது. அதோ, பின்னால என் வீட்டுக்காரன் மண்டை தெரியுது. வெறும் சட்டையோட உக்காந்திருக்கான், மகராசன்." கொஞ்சநேரம் கழித்துக் குரல் இறங்கியது. "அத்தன பேரு இருக்கீங்களே, இந்தப் பக்கம் ஒருதரம் திரும்பினா கண்ணு அவிஞ்சா போயிடும்?"

கூரை விளிம்பில் சொட்டுச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து போனைப் பார்த்தாள். ஒன்பதாயிரம் பேர். ஒருத்தி எழுதியிருந்தாள்: "எனக்கும் ஒரு ஓரகத்தி இருக்கா. நிறுத்தாதீங்கக்கா, பேசுங்க." ஆர்டிஸுக்குக் காதுவரை சிவந்தது. விரல் பொத்தான்வரை போனது. இப்போது நிறுத்தினால் மிச்சமிருக்கிற மானம் தப்பும். பனியும் அப்படியே இருக்கும். விரலை இழுத்துக்கொண்டாள். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "சரி, அவ வீட்டுத் திரைச்சீலையப் பத்திச் சொல்லவா?" என்றாள்.

அதன்பின் வாரம் இரண்டு நாள், மூன்று மணிக்கு, எல்லோரும் பார்க்கப் பொறாமைப்பட்டாள். மார்ச் பிறந்தபோது இருபதாயிரம் பேர். மார்லிஸின் கூட்டமும் இங்கே வந்துவிட, அவள் கூரையில் பனி ஏறியது, புல் கருகியது. வெர்லினும் சொல்லாமல் கொள்ளாமல் தன் நாற்காலிக்குத் திரும்பினான். ஒரு செவ்வாய் மதியம் மார்லிஸ் கோட்டும் பூட்ஸுமாக ஆர்டிஸின் பின்கதவில் நின்றாள், கையில் டூனா மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்டு ஆறிப்போன கேசரோலுடன்.

"எல்லாத்தையும் கேட்டேன்க்கா. திரைச்சீலை வரைக்கும்."

"அப்புறம் எதுக்கு வந்த?"

"குளிருதுக்கா." மார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள். "அதுகூடப் பரவால்ல. உங்கள அத்தன பேரு பாக்குறாங்களே, அதான் தாங்கல."

அதுவரை யாரும் ஆர்டிஸிடம் இத்தனை இனிப்பாக எதுவும் சொன்னதில்லை. கதவை அகலத் திறந்தாள். போனைக் கண்ணால் அளந்து, அதன் பார்வையில் படாத மூலையாகப் பார்த்து நாற்காலி போட்டாள். குளிர்காலம் முடியும்வரை மார்லிஸ் லைவ் நேரத்தில் அங்கேதான் உட்கார்ந்தாள்.

மார்ச் இருபதாம் தேதி, ஊர் முழுக்க மூன்றடிப் பனி கிடந்தபோது, வாசல் புல் எட்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது, உடனே வெட்டவும் என்று ஆர்டிஸுக்கு நகரசபையிலிருந்து நோட்டீஸ் வந்தது. அவள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள், அந்த மூலை நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரியும்படி.