கனிசியஸ் செய்த கூழ்ப்பானை

என் கூழ்ப்பானையை உடைத்தவர் என் கணவர் கனிசியஸ். அதுவும் எப்போது? வலை பங்கிட்ட சண்டையில் இரண்டு வருடமாக எங்கள் முற்றம் மிதிக்காத என் அண்ணை சூசைதாசன், திருவிழா முடிந்த ஞாயிறு கூழ் குடிக்க வருவதாகச் சொல்லியனுப்பிய பிறகு. அதற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

"சந்தையிலை ஒண்டு வாங்கியாருங்கோ" என்றேன்.

"உடைச்சவன் நான். நானே செய்யிறன். மண் பிசைய எனக்குக் கை இல்லையே?"

கை இருந்ததோ தெரியாது, வாய் நிறைய இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கவனமாகத்தான் செய்தார். சைக்கிளில் போய்க் குளத்துக் களிமண் கொண்டுவந்தார். கல் பொறுக்கி, வெடிக்காமலிருக்க மணல் சேர்த்து, காற்றுக் குமிழ் போகும்வரை பிசைந்தார். அடிக்கு ஒரு வட்டம் தட்டி வைத்து, மண்ணைக் கயிறு போல உருட்டிச் சுற்றிச் சுற்றி ஏற்றினார். உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகப் பொருத்துகளைத் தடவி அடைத்தார். பத்து நாள் நிழலில் காயவைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கிச் சுட்டார். விளிம்பு கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் தட்டினால் கணீரென்றது. எனக்கே பெருமையாகிவிட்டது.

ஞாயிறு அண்ணை வந்தார். வாங்குப் பலகையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இவர் அடுப்படியில் தன் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூழுக்கு நண்டும் இறாலும் போட்டேன். கொதித்து வரும்போது 'டிக்' என்று பானையிலிருந்து பயறளவு துண்டொன்று தெறித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் மூன்று. நாலு ஓட்டையால் கூழ் அடுப்புக்குள் ஒழுகியது. இன்றோடு அண்ணையும் போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய்ந்து வந்தவர் அண்ணைதான்.

"மச்சான், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? இறை!"

ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது போல இருவரும் சிரட்டையால் அள்ளி வாளிக்குள் ஊற்றினார்கள். பாதிக்கு மேல் தப்பியது. அண்ணை தெறித்த துண்டை எடுத்துப் பார்த்தார். நடுவில் வெள்ளைப் பொட்டு.

"மணல் எங்கை எடுத்தனி?"

"கடற்கரையிலைதான். எங்கடை மணலைவிட நல்ல மணல் ஆரிட்டை இருக்கு?"

"விசரா! அதுக்குள்ளை முழுக்கச் சிப்பி. சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு. தண்ணி பட்டால் பொருமி வெடிக்காதோ?"

இவர் வாயே திறக்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. அந்த முகத்தைப் பார்த்து அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இவருக்கும். வாளிக் கூழைப் பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுத்தேன். அண்ணை மூன்று பிளா குடித்தார்.

போகும்போது வாசல் படலையடியில் நின்று திரும்பினார்.

"அடுத்த ஞாயிறும் வாறன், தங்கச்சி. உவனைப் பானைப் பக்கம் விட்டிடாதை."