படம் நகரவில்லை

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டருக்கு இன்று காலை என்ன கேடு வந்ததோ தெரியவில்லை. அப்டேட் கேட்டது, கொடுத்தேன். அவ்வளவுதான். எழுத்தெல்லாம் பூதாகாரமாக வீங்கிவிட்டது. பல் டாக்டருக்காகக் கம்ப்யூட்டரில் நான் வரைந்த கிளினிக் படத்துக்குள் நடந்துபோவதுபோல் சுற்றிப் பார்க்கலாம் என்றால், வாசல் கதவு திறப்பதற்குள் எனக்கு நரைத்துவிடும் போலிருந்தது.

டாக்டர் நாலு மணிக்கு வருகிறார். கட்டடப் படம் வரையும் ஆபீஸ் வேலையை விட்டுச் சொந்தமாக உட்கார்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் கஸ்டமர். இதுவும் கைநழுவினால் பழைய மேனேஜரிடம் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொடுத்த புண்ணியவான் என் தம்பி. அவனைப் போனில் பிடித்தேன். எங்கள் வீட்டில் பால்கனியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

"கிராஃபிக்ஸ் கார்டு இருக்குக்கா. அதோட பேசற டிரைவர் சாஃப்ட்வேர்தான் எந்திரிக்கல. எடுத்துட்டு மறுபடி போடு. நடுவுல ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், ஏதாவது குடு. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணு."

செய்தேன். ரீஸ்டார்ட்டை அழுத்திவிட்டு அவனிடம் சொல்லப் பால்கனிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் அதே வீங்கிய எழுத்து. டிரைவர் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றது. வேலை செய்கிறதா என்றால் இல்லை என்றது. இது கம்ப்யூட்டரா, என் கணவரா?

பழைய டிரைவரைப் போட்டோம். புதியதைப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட், ரீஸ்டார்ட், பால்கனி, தம்பிக்குத் திட்டு. ஒன்றும் ஆகவில்லை. எது கோளாறு என்றே பிடிபடவில்லை.

என் மேஜைக்குப் பக்கத்திலேயே மாமனார் உட்கார்ந்திருந்தார். நான் ஆபீஸை விட்டதிலிருந்து அவர் இடம் அதுதான். வேலை செய்கிறேனா தூங்குகிறேனா என்று வேவு பார்க்கிறார் என்பது என் கணிப்பு.

"ஆச்சாம்மா?"

"ஆகல மாமா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்றரைக்குத் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, ரீஸ்டார்ட் ஆகறப்ப நீலமா ஒரு திரை வந்துச்சுல்ல, அதுல அந்த பாஸ்வேர்ட குடுத்தியா?"

"எந்த நீலம்? அப்படி ஒண்ணும் வரல."

"வரணும்க்கா. புது டிரைவர நம்பலாமான்னு மெஷின் கேக்கும். நீ சரின்னாத்தான் உள்ள விடும்."

"அடேய், எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வரல!"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "அதுவாம்மா? ஒவ்வொரு வாட்டியும் வருதே. நான்தான் அனுப்பிட்டேன்."

போனோடு உள்ளே ஓடினேன். "அனுப்பிட்டீங்கன்னா?"

"ஏதாவது பட்டன அழுத்துன்னுச்சு. அழுத்தினேன். தொடரவான்னு கேட்டுச்சு. தொடரட்டும்னு விட்டேன். நீ வெளிய போயிடற, யாராவது பதில் சொல்லணும்ல?"

தொடரட்டும் என்றால் புது டிரைவரை நம்பாமல் அப்படியே மேலே போ என்றுதானே அர்த்தம்! காலையிலிருந்து நான் உள்ளே கூட்டி வந்த டிரைவரையெல்லாம் இவர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்! கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "நான் மறுபடி ஆபீசுக்கே போகணும்னு உங்களுக்கு அவ்ளோ ஆசையா மாமா?"

அவர் முகம் சுண்டிவிட்டது.

"ஐயோ, நான் ஏம்மா அப்படி நினைக்கப்போறேன்? நீ வீட்ல இருக்க ஆரம்பிச்சப்புறம்தான் பகல்ல எனக்கு ஒரு மனுஷக் குரல் கேக்குது. நீ யாரையாவது திட்டிக்கிட்டிருந்தாக்கூடப் போதும். சீக்கிரம் சரியாகட்டும்னுதான் அழுத்தினேன்."

திட்டவும் முடியவில்லை, அழவும் நேரமில்லை. டிரைவரை மறுபடி போட்டு ரீஸ்டார்ட்டை அழுத்தினேன். இந்தத் தடவை இடத்தை விட்டு அசையவில்லை. நீலத் திரை வந்தது. பாஸ்வேர்டைக் கொடுத்தேன். எழுத்துகள் வீக்கம் வடிந்து வந்தன. கிளினிக் கதவு சட்டென்று திறந்து, வரவேற்பறை வழியாக வழுக்கிக்கொண்டு போனது படம்.

அழைப்பு மணி அடித்தது. மாமா அவசரமாக எழுந்து தன் அறைக்குக் கிளம்பினார். "நீ பேசும்மா. நான் எதையும் தொடல."

"எங்க போறீங்க?" என் குரல் அதட்டலாகத்தான் வந்தது. "இது ஆபீஸ் மாமா. ஆபீஸ்ல ஒத்த ஆள்தான் இருக்குன்னா டாக்டர் என்ன நினைப்பாரு? உக்காருங்க."

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.