மனப்பாடமான எழுத்து அட்டை

கிடங்குக்காரருக்குப் பார்வையின் நடுவில் ஓட்டை விழுந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஓட்டை என்றால் கண் மருத்துவர்கள் முகம் சுளிப்பார்கள். விழித்திரையின் நடுப்பகுதி நலிந்துவிட்டது என்பதுதான் சரி. சுவர், கதவு, படி எல்லாம் ஓரக்கண்ணுக்குத் தெரியும். யாரை நேராகப் பார்க்கிறாரோ அவருடைய முகம் மட்டும் தெரியாது.

இந்த ஓட்டையோடு அவர் பதினோரு ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டார். முதலில் பூதக்கண்ணாடி. பிறகு மஞ்சள் கண்ணாடி. பிறகு மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு கொடுத்தார்கள், அவருக்குக் கிடைத்ததும் மாவுதான் என்று பின்னால் தெரிந்தது. பிறகு எழுத்தைப் பெரிதாக்கும் திரை, அதன்பின் வாய்விட்டுப் படித்துக் காட்டும் கைப்பேசி. ஆராய்ச்சியின் போக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திசை மாறியது. அவர் அதே பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்.

இப்போது நடப்பது பன்னிரண்டாவது. கேமரா வைத்த கண்ணாடியைப் பன்னிரண்டு பேருக்கு மாட்டிச் சோதிக்கிறார்கள். அதில் அவர் ஏழாம் நம்பர். நடத்துகிறவர் ஓர் இளம் ஆய்வாளர், வேகமாகப் பேசும் பெண்.

அன்று அந்தக் கண்ணாடியோடு அவர் எழுத்து அட்டையில் ஏழு வரிசை படித்தார். போன மாதம் நான்குதான்.

"மூணு வரிசை ஏறியிருக்கு சார்" என்றாள் ஆய்வாளர். "அடுத்த வாரம் கருத்தரங்குல இதைத்தான் சொல்லப் போறேன்."

கண்ணாடியைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

"துணி."

"அது காதுலயே கேக்குது. என்ன துணி?"

அவருக்குத் தெரியவில்லை.

"பின்ன எப்படிங்க ஏழு வரிசை படிச்சீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடம் உதிரி பாகக் கிடங்கில் இருந்தவர். எந்தத் திருகு எந்தத் தட்டில் என்று ஏட்டைப் புரட்டாமல் சொன்னவர். ஆய்வுக்கூடத்தில் இருப்பதோ மூன்றே அட்டைகள், மாற்றி மாற்றி. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. கண் நின்ற இடத்தில் வாய் நிற்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் குரலில் சந்தோஷம் ஏறியதும் நிறுத்த மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஏறினார்.

"அம்மா, நான் படிக்கலை. ஒப்பிச்சேன்" என்றார்.

ஆய்வாளர் எழுந்து விளக்கை அணைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"இப்போ சொல்லுங்க சார்."

கும்மிருட்டில் ஏழு வரிசையும் சொன்னார். அடுத்த இரண்டு அட்டைகளையும் கேளாமலே சொன்னார்.

அந்த வாரமே மற்றப் பதினொரு பேரையும் அவள் இருட்டில் உட்காரவைத்தாள். ஐந்து பேர் ஒப்பித்தார்கள். அவர்களில் மூவருக்குக் கற்றுக்கொடுத்தது மூன்றாம் நம்பர்; காத்திருக்கும் நேரம் போகவில்லை என்று காரணம் சொன்னார். ஆய்வாளர் கருத்தரங்குக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாள். "ஞாபகசக்திக்கு நல்ல கண்ணாடின்னு வேணும்னா எழுது" என்றார் துறைத் தலைவர். அவர் சிரிக்கவில்லை; அவளும் சிரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கிடங்குக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், அட்டையை விடுங்க. உங்களுக்கு நிஜமா என்ன தெரிஞ்சா நல்லாயிருக்கும்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துச் சொன்னார். "மாடிப்படியில எதிர்ல வர்றது யாருன்னு தெரிஞ்சா போதும். ஒரு வார்த்தை பேசாம போறேன்னு நாலு வீட்டுக்காரங்க என்னோட பேசறதில்ல. தலைக்கனமாம்."

பதின்மூன்றாவது ஆராய்ச்சி அப்படித் தொடங்கியது. ஆய்வாளர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஏழாம் நம்பரின் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தாள். அவர் தண்ணீர் ஊற்றுவதை, சாவி தேடுவதை, சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போடுவதைக் குறித்துக்கொண்டாள். படிவத்தின் கடைசியில், குடும்பத்தினர் கருத்து என்று ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தது.

"உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று மனைவியைக் கேட்டாள்.

"எனக்கா?" என்றாள் மனைவி. கேள்வி விலாசம் மாறி வந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு.

பிறகு ஐம்பது நிமிடம் பேசினாள். எந்த அறைக்குள் போனாலும் நான்தான் என்று சொல்லிக்கொண்டே போவது. தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்கி ஒன்பது வருடம் ஆனது. "எதிர்லயே உக்காந்து அழுதிருக்கேன். சத்தம் வராம அழுதா இவருக்குத் தெரியாது. அது ஒரு விதத்துல வசதிதான்."

ஆய்வாளர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். கிடங்குக்காரர் சமையலறை வாசலில் தம்ளரோடு நின்றார்.

"எப்போ அழுத?" என்றார்.

"தேதி எழுதி வைக்கலை" என்றாள் மனைவி.

அவர் தம்ளரை மேசையில் வைத்தார். தண்ணீர் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"அடுத்த மாசமும் வரலாமா?" என்றாள் ஆய்வாளர்.

"தாராளமா வாங்க. இவரு இல்லாத நேரமா வாங்க."

மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமைகளில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வெளியே போய்விடக் கிடங்குக்காரர் ஒப்புக்கொண்டார். எங்கே போவது என்பதை அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.