வாசலில் இரண்டு புட்டிகள்

இடது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம், சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு முடிச்சு. கட்டைவிரல் அதன் மேல் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். அதற்குச் சொந்தக்காரர் செத்து எட்டு மாதம் ஆகிறது.

எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. வருகிறவர்கள் மாஸ்க்கோடு வந்து, குப்புறப் படுத்து, மாஸ்க்கோடு எழுந்து போகிறார்கள். ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து, பாதியில் உதறிவிட்டு மசாஜ் தொழிலுக்கு வந்தவன் நான். தொழில் பிடிபடுவதற்குள் தொற்று வந்துவிட்டது. அதனால் முதுகுதான் எனக்கு முகம்.

அறை ஒன்றுதான். இரண்டு ஜன்னலும் திறந்தே இருக்கும். ஒருவர் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தவர். விரிப்பு மாற்றுவேன், முழங்கை வரை சோப்புப் போடுவேன். இதற்கெல்லாம் மேலே வாசலில் ஒரு பரீட்சை உண்டு. ஒரே மாதிரி இரண்டு பழுப்புப் புட்டிகள்; ஒன்றில் தைலம், ஒன்றில் வெறும் தண்ணீர். மாஸ்க்கை இறக்கி மோந்து பார்த்து, எது தைலம் என்று சொல்ல வேண்டும். மூக்கு வேலை செய்யாத ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

"பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட இவ்ளோ கெடுபிடி கிடையாது தம்பி" என்பார் கிரேன்காரர். இந்த முடிச்சின் சொந்தக்காரர் அவர்தான். கடைசியாக வந்த அன்று, புட்டிகளை என் பக்கமே நீட்டினார்.

"ஊரையே மோந்து பாக்க வைக்கிறியே, நீ ஒரு தடவை மோந்து சொல்லு பாப்போம்."

மோந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த புட்டியிலும் ஒன்றுமில்லை. ஆனால் தைலப் புட்டியின் மூடியில் ஒரு கீறல் இருப்பது எனக்குத் தெரியும்.

"இதுதான்" என்றேன்.

"பாஸ் பண்ணிட்ட" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து படுத்தார்.

ராத்திரி விழித்த காலத்திலேயே என் மூக்கும் நாக்கும் பாதி செத்தவைதான் என்று சொல்லிக்கொண்டேன். மனுஷனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, காலையில் கிரேன் ஏற வேண்டும், பாவம் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் சப்பைக்கட்டு. பரீட்சை வைத்தவனே தோற்றுப்போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் அவர் மேல் குனிந்து மூச்சு விட்டேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். அவருக்குப் போன் செய்து எச்சரித்திருக்கலாம். செய்யவில்லை. 'தண்ணி மோட்டார் ரிப்பேர், இன்று கடை இல்லை' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நான்காம் நாள் அவருக்கும் வந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்கு இறங்கியது. அவருக்கு இறங்கவில்லை.

அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேர இடைவெளியில் நான் அறைக்குள் இருப்பதில்லை. ஆள் எழுந்து போன பிறகு மெத்தையின் பள்ளம் மெல்ல மேலே வரும். சில சமயம் வராது. கனமான யாரோ இன்னும் படுத்திருப்பதுபோல அப்படியே இருக்கும். 'மோந்து சொல்லு பாப்போம்' என்று, முகம் வைக்கும் துளைக்குள்ளிருந்து கேட்கும்.

"என்ன மாஸ்டர், தூங்கிட்டீங்களா?"

இப்போதும் அந்தத் துளைக்குள்ளிருந்துதான் குரல் வந்தது. அதே கரகரப்பு. வாசலில் இவர் புட்டியை விரலால்தான் காட்டியிருந்தார்.

"இந்த இடத்துல பிடிப்பு எப்படிண்ணே வந்துச்சு?"

"எல்லாம் கிரேன் சீட்டுதான். கீழயே பாத்துக்கிட்டு இடது கையால லீவரை இழுக்கணும். எங்கண்ணன் சீட்டு அது. அவர் போனதும் என்னைத் தூக்கி அதுல உக்கார வச்சுட்டாங்க. அவர் உக்காந்து உக்காந்து பள்ளமாகிக் கெடக்கு. அதுக்குள்ளதான் நானும் பொருந்திக்கிறேன். அண்ணன் உங்க கையப் பத்தித்தான் ஓயாம பேசுவார்."

செத்தவர் எழுந்து வரவில்லை, தம்பி வந்திருக்கிறார். அதில் எனக்கு நிம்மதி எதுவும் கிடைக்கவில்லை.

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல. என் சம்சாரம் ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற பகுதியில வேலை பாத்தா. அவதான் கொண்டுவந்து அண்ணனுக்குக் குடுத்துட்டான்னு அண்ணி அடிச்சுச் சொல்றாங்க. எட்டு மாசமா ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு. இவளுக்கு டெஸ்ட்ல ஒண்ணுமே வரல. யார் காதுல ஏறுது? இப்ப அவளே நம்ப ஆரம்பிச்சுட்டா. வேலைய விட்டுட்டா. பெத்த புள்ளயத் தூக்க மாட்டேங்குறா மாஸ்டர். அது அழுதுச்சுன்னா தள்ளி நின்னு பாக்குறா."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் இருபது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். நான் விரிப்பை மாற்றியிருப்பேன். அங்கே ஒருத்தி பிள்ளையைத் தொடாமல் நின்றுகொண்டிருப்பாள்.

"அண்ணே, அவர் கடைசியா வந்த அன்னிக்கு எனக்கு மூக்கு வேலை செய்யல."

கைக்கு அடியில் முதுகு இறுகியது.

"தெரிஞ்சேவா தொட்டீங்க?"

"தெரிஞ்சேதான். மறுநாள் எனக்குக் காய்ச்சல். என்கிட்டருந்துதான் போச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது. உங்க சம்சாரத்துக்கிட்டருந்துன்னும் யாரும் பண்ண முடியாது."

அடிப்பார் என்று கையை எடுத்துக்கொண்டு விலகி நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு கை மட்டும் பெட்டுக்கு அடியில் இறங்கித் தரையில் கிடந்த போனைத் துழாவி எடுத்தது. தரையில் அதன் வெளிச்சம் விழுந்தது. ரிங் போனது.

"முடிஞ்சுதாங்க?" ஒரு பெண்ணின் குரல்.

"இல்ல. ஸ்பீக்கர்ல போடு. அண்ணியக் கூப்பிடு."

"அவங்க என் கூடப் பேச மாட்டாங்களே."

"போன் அவங்களுக்குன்னு சொல்லு."

செருப்புச் சத்தம். ஒரு கதவு. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு இன்னொரு பெண், எரிச்சலாக: "யாரு?"

"சொல்லுங்க மாஸ்டர்" என்றார் அவர்.

குரல் எட்ட வேண்டுமென்று தரையில் மண்டியிட்டேன். துளைக்குள் அவர் முகம் தெரிந்தது. மாஸ்க்குக்கு மேலே கண்களை மூடியிருந்தார். போனை மட்டும் என் பக்கம் நீட்டினார். அவர் அண்ணன் கடைசியாக வந்த நாள் என்ன கிழமை என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.