நோங் புவாவில் தங்கிப்போன குரல்

புத்த ஆண்டு 2510இல், பிக்குகள் மழைக்காலத் துறவுக்கு மடத்துக்குள் போன வாரம், நோங் புவா ஊரின் தகரக் கொட்டகையில் ஒரு படம் பதினோரு நாள் ஓடியது. அதைப் பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் படத்திலிருந்து ஒரு குரல் பின்னாலேயே வந்து தங்கிவிட்டது. நூடுல்ஸ் கடைக்காரி வீட்டில் தங்கியது "சாப்பிட்டியா கண்ணு" என்ற குரல். ஊர்த்தலைவர் வீட்டில் ஒரு குழந்தையின் சிரிப்பு. அவர் இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். பன்றி வியாபாரி வீட்டுக்கு ஆட்டின் கத்தல் மட்டும்தான் வந்தது, அவர் கொட்டகை முதலாளியோடு சண்டைக்குப் போனார். அரிசி ஆலையில் மூட்டை சுமக்கும் லம்துவானின் வீட்டில், மாலைச் சங்கு ஊதி அரைமணி கழித்து, தரையிலிருந்து வாசலுக்கு ஏறும் மர ஏணியின் மேல்படியில் ஓர் ஆண்குரல் நின்று "வந்துட்டேன்" என்றது.

அந்தக் காலத்தில் அங்கே படங்கள் ஊமையாகத்தான் வந்துகொண்டிருந்தன. கொட்டகைக் கூண்டில் மைக்கோடு ஒருவன் உட்கார்ந்து எல்லோருக்கும் பேசுவான். நோங் புவாவில் பேசியவன் தேச்சா. ஒரே தொண்டையில் கிழவி, போலீஸ், கைக்குழந்தை, குதிரை. லம்துவானின் புருஷன் பூன்மாவும் அவனும் ஆறு வருஷத்துக்கு முன் ஒரே ரயிலில் பாங்காக்குக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள். தேச்சா மட்டும் படம் வந்த வருஷக் கோடையில் மைக்கோடு திரும்பி வந்தான். பூன்மாவைக் கேட்டால், "நல்லாத்தான் இருக்காரு அண்ணி. வேலை ஜாஸ்தி" என்பான்.

படம் ஏதோ வெள்ளைக்கார நாட்டுடையது. தாடி வைத்த அப்பா சுரங்க வேலைக்குப் போகிறார். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் கிழங்கு நடுகிறார்கள், ஆட்டைத் தொலைத்துக் கண்டுபிடிக்கிறார்கள், கூரையை அவர்களே வேய்ந்து அதிலிருந்து விழுகிறார்கள். கெட்டவன் என்று ஒருவன் கூடக் கிடையாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பிக்குகளே சொன்னார்கள். கடைசியில் மண்பாதையில் தொப்பியும் பையுமாக ஒருவர் வருகிறார். அம்மா ஓடிப்போய் அவர் நெஞ்சில் குத்திக் குத்தி அழுகிறாள். "பாவி மனுஷா, தாடிய எடுத்துட்டா எனக்கு அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியா!" என்று தேச்சா பெண்குரலில் அலற, கொட்டகை அதிர்ந்தது. பையிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை எடுத்துச் சின்னப் பையன் காலை நுழைக்கிறான். இரண்டு காலும் ஒன்றிலேயே அடங்கும்.

"டேய் தேச்சா, புள்ளை கால் அளவு தெரியாதாடா அந்த ஆளுக்கு?" என்று யாரோ கூண்டைப் பார்த்துக் கத்தினார்கள்.

"ஆறு வருஷம் வீட்டுப் பக்கம் வராதவனுக்கு அளவு எப்படி மாமா தெரியும்!" என்று திரையிலிருந்த அப்பாவே பதில் சொன்னார்.

லம்துவான் சிரித்துச் சிரித்து அழுதாள். ஒன்பது வயது மகள் ஸாய்பினோடு ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனவள், அடுத்த ஞாயிறும் போனாள். அன்று மாலைதான் ஏணியில் குரல் வந்தது. ஆறு வருஷத்தில் பூன்மாவின் குரல் அவள் காதைவிட்டு மெல்ல நழுவியிருந்தது. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் தினமும் ஒரு பிடி ஒட்டரிசி சோற்றைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

மனைவியை இழந்த வண்டிக்காரர் தோங்தீ மழைக்கு முன்பே அவளைப் பெண் கேட்டிருந்தார். துறவுக்காலம் முடிந்ததும் சொல்கிறேன் என்றிருந்தாள். அந்த மூன்று மாதம் அங்கே யாரும் கல்யாணம் பேசுவதில்லை. குரல் வந்ததும் அவளே ஆலை வாசலில் நின்ற அவர் வண்டிக்குப் போய், "வேணாம் அண்ணே. அவரு வந்துருவாரு" என்றாள்.

"கடுதாசி வந்துச்சா?"

"குரல் வந்துச்சு."

நோங் புவாவில் அது போதுமான காரணமாக இருந்தது. தோங்தீ தலையாட்டினார். துறவு முடிந்த மறுவாரமே பக்கத்து ஊரில் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டார்.

ஊரார் கேட்டுக்கொண்டதால் அடுத்து வந்த ஊர்த் திருவிழாவுக்கு அதே படம் மறுபடி வந்தது. தேச்சாவுக்குத் தொண்டை வீங்கிவிட்டது. கோராட் நகரத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, படச்சுருளோடு பெட்டியில் இருந்த தாளை வரிவரியாகப் படித்துப் பேசினார். கிழங்கு, ஆடு, கூரை எல்லாம் அப்படியேதான் இருந்தன. மண்பாதையில் தொப்பிக்காரர் வந்து நின்றார். "அம்மா, நான் அவரோட சுரங்கத்துல வேலை செஞ்சவன். இதெல்லாம் அவரோட சாமான்" என்றார். பையன் பூட்ஸில் காலை விட்டதும், பின்வரிசையில் யாரோ பழக்கத்தில் சிரித்தார்கள். பாதியில் நிறுத்தினார்கள். தாடி இல்லாத அந்த வெள்ளைக்காரர் வேறு ஆள். எல்லா வெள்ளைக்காரரும் ஒரே முகமாகத் தெரிந்த ஊர் அது; பதினோரு நாளும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"இவரு அப்பா இல்லையாம்மா?" என்றாள் ஸாய்பின். லம்துவான் அவளை நூடுல்ஸ் கடையில் விட்டுவிட்டு நேராகத் தேச்சாவின் வீட்டுக்குப் போனாள். அவன் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

"அவரு எப்ப செத்தாரு?"

தேச்சா தண்ணீரை விழுங்கிவிட்டான். "யாரு அண்ணி சொன்னது?"

"நீ சொல்லலியே, அதான் கேக்குறேன்."

"மூணு வருஷம் ஆச்சு. சாரம் சரிஞ்சிருச்சு. நான் கீழ கலவை போட்டுட்டு இருந்தேன்." கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தான். "இதைக் குடுக்கத்தான் ஏணியேறி வந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டே, அவரு எப்ப வர்றாருன்னு கேட்டீங்க. வாயே வரல."

"குதிரைக்கு வாய் வருது. ஆட்டுக்கு வருது. எனக்கு மட்டும் வரலையா?"

"நாலு நாள் சந்தோஷமா இருக்கட்டுமேன்னு..."

"உன்னை யார்ரா கேட்டா? மூணு வருஷமா அவரு பேர்ல ஒரு பிடி சோறு பிக்குகளுக்குப் போடல. செத்தவன் பசியோட அலைஞ்சிருக்கான். நான் கூடையில எடுத்து வெச்சு எறும்புக்குப் போட்டிருக்கேன்." பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அந்த மனுஷன் குரலை நெனச்சுப் பாக்கறேன்டா. உன் குரல்தான் வருது. அதையும் எடுத்துட்டே."

 

பூன்மாவுக்காகப் பிக்குகள் வந்து ஓதினார்கள். புண்ணியத்தை இறந்தவனுக்குச் சேர்க்கும் தண்ணீரை அவள் கிண்ணத்தில் வார்த்துக்கொண்டிருந்தபோது ஏணியில் "வந்துட்டேன்" என்று கேட்டது. மூத்த பிக்கு அது முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மற்ற வீடுகளில் பெரும்பாலோர் தேச்சா பேசிய படத்தையே நிஜமென்று வைத்துக்கொண்டார்கள். கோராட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நூடுல்ஸ் கடைக்காரி கடைசிவரை சொன்னாள். தேச்சா தொண்டை ஆறியதும் கூண்டுக்குத் திரும்பினான். குரலோடு படங்கள் வரத் தொடங்கும்வரை பேசினான், ஆனால் அப்பா வேஷத்துக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொண்டான்.

அறுவடை முடிந்ததும் லம்துவான் வீட்டை விற்றாள். மரவீடுதான், ஆணி பிடுங்கித் தூண் தூணாகக் கழற்றினார்கள். ஏற்றிப்போக வந்தது தோங்தீயின் வண்டி. ஏணியைத் தனியாகக் கட்டவா, பலகையோடு கட்டவா என்று கேட்டார், வேறெதுவும் கேட்கவில்லை. அவள் பூன்மாவின் பையைத் தோளில் மாட்டி, ஸாய்பினோடு உடோனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ரயிலேறினாள்.

வீடு போன பிறகும் குரல் போகவில்லை. படி இருந்த இடத்தில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், வெறும் காற்றில் நின்று தினமும் அதே நேரத்துக்குச் சொல்கிறது. இப்போது அந்த நிலம் நாங் புய் என்ற பெண்ணுடையது. சாயங்காலம் அவள் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலே "வந்துட்டேன்" என்று கேட்கும்.

"வந்தா வந்துட்டுப் போ," என்பாள் நிமிராமலே. "வெள்ளரிக் கொடிய மிதிக்காத."