கறுப்புப் பிடிக் கத்தியில் துரு

எண்ணெய்த் துணியைப் பிரித்ததுமே மண்ணாங்கட்டி வாசல் வெளிச்சத்துக்கு வந்தான். சவரக்கத்தியின் அலகில், பிடியோடு சேரும் இடத்தில், கடுகு சிந்தியது போலப் பழுப்புப் புள்ளிகள்.

செங்கம் ரோட்டில் சலூன் வைத்திருந்தான் அவன். தினப்படி வேலைக்கு அங்கே மூன்று கத்திகள் கிடந்தன. கருமாதிக்கு மரப்பிடிக் கத்தி ஒன்று தனியாக. இந்தக் கறுப்புப் பிடிக் கத்தி மாப்பிள்ளைச் சவரத்துக்கு மட்டுந்தான். அவனை அழைக்கிற வீடுகளுக்கெல்லாம் இதைத் தெரியும். "கறுப்புப் பிடி வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளையை உட்கார வைப்பார்கள். மறுநாள் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். அன்று செவ்வாய்க்கிழமை, கடைக்கு லீவு. தீட்டி வைக்கலாம் என்று எடுத்தான்.

மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வேலூரில் மகள் வீட்டில் கிடந்துவிட்டு, முந்தாநாள்தான் திரும்பியிருந்தான். போகும்போது துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்துவிட்டுப் போனவன் அவன்தான். எண்ணெய் பூசிய இரும்பு சும்மா கிடந்து துருப்பிடிக்காது. யாராவது எடுத்து, ஈரத்தோடு மடக்கி வைத்தால்தான் பிடிக்கும்.

துரு லேசானதுதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு வைத்தான். ஜீரோ நம்பர் உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அலகின் நீளவாக்கில் மெல்லத் தேய்த்தான். குறுக்கே தேய்த்தால் கூரும் போகும், விரலும் போகும். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கடைசியில் பிடியின் இடுக்கை ஊக்கால் நோண்டினான்.

நாலைந்து முடி வந்தது. தடித்த, நரைத்த மீசை முடி.

எந்த மாப்பிள்ளைக்கு நரைத்த மீசை?

"கன்னியம்மா, இந்தக் கத்திய யாரு எடுத்தது?"

அவன் பெண்டாட்டி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எலி எடுத்துச்சு. கேக்கறாரு பாரு கேள்வி."

"எலி மீச வழிச்சுக்கிச்சா? நரச்ச எலியா?"

அவள் கை நின்றுவிட்டது. "சகாதேவன் கேட்டான். குடுத்தேன்."

சகாதேவன் அவளுடைய தம்பி. கடையில் பக்கத்து நாற்காலி அவனுடையது.

"எங்க எடுத்துக்கினு போனான்?"

"வேங்கிக்கால் முருகையன் வூட்டுக்கு. அவரு அப்பா தவறிட்டாரு. ஒடம்பு சரியில்லாத மனுசன்கிட்ட சாவு சேதி சொல்லக்கூடாதுன்னுதான்…"

மண்ணாங்கட்டி கத்தியைக் கீழே வைத்தான். இருபது வருஷம், வாரம் தவறாமல் அந்தப் பெரியவர் முகத்தை இவன் கைதான் வழித்தது. கன்னம் ஒட்டிப்போன பிறகு, உள்ளிருந்து நாக்கால் முட்டுக்கொடுத்து, "இப்ப வழிடா" என்பார்.

"சரி, கருமாதிக்கு மரப்பிடி இருக்குதே. இத ஏன் குடுத்த?"

அவள் முறத்தை மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

"ஏன் குடுத்தன்னு கேக்கறேன்."

"அவனுக்கும் கல்யாணம் ஆவணும் இல்ல? நாலு வூடு அவனுக்குன்னு வேணாமா? மாமாவே கத்தியக் குடுத்து, இனிமே இந்த வூட்ட நீ பாத்துக்கோன்னு அனுப்பிச்சாருன்னு சொன்னான். கறுப்புப் பிடியக் காட்டாம அவங்க நம்புவாங்களா?"

"நான் ஏன் வரலன்னு அவங்க கேக்கலயா?"

"கேட்டாங்களாம்." அவள் குரல் இறங்கியது. "மாமா இப்பல்லாம் கல்யாண வூட்டுக்கு மட்டுந்தான் போறாருன்னு சொல்லிட்டு வந்துட்டான். அது அவன் வாய்க்கொழுப்பு. நான் சொல்லச் சொல்லல."

"நாளைக்கு இதையே மாப்பிள்ள கன்னத்துல வைக்க உட்டிருப்ப. தெரிஞ்சே."

"தொடச்சா போயிடப்போவுது. இப்பக்கூட போயிடுச்சு பாரு, பளபளன்னு."

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். கத்தியை எடுத்து அவள் முறத்தில் வைத்தான். "உன் தம்பிகிட்டயே குடுத்துடு. நாளைக்கு நான் வேற கத்தியோட போயிக்கறேன்."

வெயில் தாழ்ந்த நேரத்தில் வேங்கிக்காலில் போய் நின்றான். முருகையன் வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையிலும் மேலுதட்டிலும் வெள்ளையாக முளை கட்டியிருந்தது.

"யாரு, மண்ணாங்கட்டியா? வழி தவறி வந்துட்டியா? எங்க வூட்ல இப்ப கல்யாணம் ஒண்ணும் இல்லியே."

உள்ளேயிருந்து அவர் மனைவி சந்திரம்மாள் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கடைசி மூணு நாளும் பெரியவரு உன்னத்தான் கேட்டுக்கினே இருந்தாருப்பா. மொகம் அரிக்குது, மண்ணாங்கட்டிய வரச்சொல்லுன்னு. சகாதேவன்கிட்ட ரெண்டு தரம் ஆள் அனுப்பிச்சோம்."

இது அவனுக்குப் புதிது. பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்கிறார். அதையும் மறைத்துவிட்டார்கள்.

வேலூர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காமாலை என்று சொன்னால் கண்ணைப் பார்த்தே நம்பிவிடுவார்கள். ஆனால், சொன்னால் அடுத்த கேள்வி, கத்தியை யார் எடுத்துக் கொடுத்தது என்று வரும். அதற்கு அவன் கன்னியம்மாள் பெயரைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டவள் பெயரை, இந்த வாசலில் நின்று.

"தப்பு எம்மேலதாங்க" என்றான்.

முருகையன் மேலுதட்டு முளையைத் தடவிக்கொண்டார். "சரி. இனிமே அவனே வரட்டும்."

"சரிங்க" என்று மண்ணாங்கட்டி தலையாட்டினான்.