மூன்று குழாயிலும் ஒரே வால்

ஜெயலக்ஷ்மி லாரிக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

பிரேக் கிறீச்சிட்டது. சாலைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. கரமனை அக்ரஹாரத்து மடிசார்ப் புடவை, காலை வெயிலில், வாழைக்காய் வண்டிகளுக்கு நடுவே லாரியை மறிப்பது அங்கே தினம் நடக்கிற காரியமா?

“எம்மோ, சாவதுக்கு வேற லாரி கிடைக்கலியா?” முன் சீட்டிலிருந்து ஞானசிகாமணி குதித்தார். தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை வாங்கி விற்கும் பழைய சாமான் கடைக்காரர். வருகிற நவம்பரில், ராஜ்ய எல்லைகளை மாற்றும்போது, நாகர்கோயில் பக்கம் மெட்ராஸோடு சேரப் போகிறது. அதற்குள் கடையைக் காலி செய்துகொண்டு ஊர்ப்பக்கம் போகிற அவசரம் அவருக்கு.

“டெலஸ்கோப்பு… ஏத்திட்டேளா?”

“அதுக்கா இந்தப் பாடு? மூணும் மாடியிலதான் கெடக்கு. அடுத்த நடையில ஏத்தணும். சீக்கிரம் பாத்துக்கிடுங்க.”

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் அவள் புருஷன் பட்டாபி. மராமத்து ஆபீசில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். வயது முப்பத்தொன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து வானத்தைப் பார்த்தே கழுத்து வலித்தவன். இந்த வாரம் செவ்வாய் பூமிக்கு மிக அருகே வந்திருக்கிறது. சாயங்காலமானால் கிழக்கே கங்கு மாதிரி எழுகிறது. ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தால் போதும், அதன் துருவத்துப் பனியைக்கூடப் பார்த்துவிடலாம். இவ்வளவு கிட்டத்தில் அது திரும்பி வரப் பதினைந்து வருஷம் ஆகும்.

“எழுபத்தொண்ணுல பாத்துக்கலாம் ஜெயா. அப்ப கையிலயும் கொஞ்சம் இருக்கும்.”

“வேண்டாம்னா. இன்னிக்கே வாங்கணும்.”

பட்டாபிக்கு அதுதான் விளங்கவில்லை. தேங்காய்க்கு அரை நாழிகை பேரம் பேசுகிறவள். பத்து நாளாக இந்த ஒன்றில் மட்டும் பிடிவாதம்.

எதற்கென்று பட்டாபி சொல்லிக்கொண்டே வர, மூவரும் கடை மாடிக்குப் போனார்கள். “செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரமா சாமி? நேரா நோக்கினா தோஷம் கூடுமாக்கும்!” என்று ஞானசிகாமணி சிரித்தார். பட்டாபி சிரிக்கவில்லை. அவனுக்குச் சோதிக்கும் முறை தெரியும். பகலில் நட்சத்திரம் கிடையாது. ஆனால் மேற்கே பத்மநாபசுவாமி கோபுரத்துக் கலசத்தில் வெயில் தெறிக்கும் அந்த ஒரு புள்ளி நட்சத்திரத்துக்குச் சமம். நல்ல லென்ஸில் அது சின்னதாக, வட்டமாக நிற்க வேண்டும். இழுத்தால், சிதறினால், லென்ஸ் மோசம்.

முதலில் கப்பல்காரர்களின் பித்தளைக் குழாய். கலசத்துப் புள்ளிக்குக் கீழே நீளமாக ஒரு வால். வைத்துவிட்டான்.

அடுத்தது மூன்றடி நீளம். “அது கழிவு சாமி. எல்லாத்தையும் தலைகீழாக் காட்டுது. அதான் விலை மலிவு.”

வானத்தைப் பார்க்கிற குழாய் தலைகீழாகத்தான் காட்டும்! கையிலிருக்கும் பணத்துக்குள் ஒரு நிஜமான தொலைநோக்கி! பட்டாபி குனிந்து பார்த்தான். கோபுரம் ஆகாயத்திலிருந்து தொங்கியது. புள்ளியில் வால்.

மூன்றாவது பெரியது, விலையும் எட்டாதது. அதிலும் வால்.

“நீ பாரு,” என்று நகர்ந்தான். ஜெயலக்ஷ்மி மூன்றிலும் பார்த்தாள்.

“நன்னாத்தானே இருக்கு. மூக்குத்தி மாதிரி மின்னறது.”

“உனக்கு என்ன தெரியும்? மூணும் குப்பை. வா, போகலாம்.”

“நடுவுல இருக்கறதை எடுத்துக்கோங்கோன்னா.”

கீழே ஹாரன் அலறியது. படியில் கால் வைத்தவன் நின்றான். ஏதோ உறுத்தியது. கப்பல் குழாயில் கோபுரம் நேராக நின்றது, வால் கீழே. இரண்டாவதில் கோபுரமே தலைகீழ். அப்படியானால் வாலும் திரும்பியிருக்க வேண்டாமோ? அதிலும் வால் கீழேதான்.

திரும்பி வந்தான். குழாயை அதைத் தாங்கும் தொட்டிலிலேயே மெல்லச் சுழற்றினான். லென்ஸில் குறையிருந்தால் வால் கூடவே சுழலும்.

சுழலவில்லை.

தலையை வலது பக்கம் சாய்த்தான். வால் சாய்ந்தது. இடது பக்கம் சாய்த்தான். கூடவே வந்தது. மற்றக் கண்ணை வைத்தான். அங்கே அதற்கென்று இன்னொரு வால்.

ஆறு மாதமாக ஆபீசில் பேனா நிப்பை மாற்றிக்கொண்டிருந்தான். மசி கசிகிறது என்று கடைக்காரனோடு சண்டை போட்டான். வரைபடத் துணி மட்டம் என்று ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பினான். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன என்று சூப்பிரண்டு சொன்னபோது விளக்கைக் குறை சொன்னான். மசி, துணி, விளக்கு, இப்போது மூன்று லென்ஸ். கண்ணைத் தவிர எல்லாவற்றின் மேலும் குறை சொல்லியாகிவிட்டது.

“எடுக்கியளா, ஏத்தட்டா?” என்றார் ஞானசிகாமணி. ஜெயலக்ஷ்மி அவரைப் பார்த்த பார்வையில் அவர் கீழே இறங்கிப் போனார்.

பட்டாபி குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பத்து நாள் முன்னால கண்ணாஸ்பத்திரிக்குப் போனோமே. என்னை வெளியில உக்கார வெச்சுட்டு டாக்டர் உன்னை மட்டும் உள்ள கூப்பிட்டார்.”

அவள் கப்பல் குழாயை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொன்னார்னு சொன்னியே. எண்ணெய்தானா ஜெயா?”

கோபுரத்துப் புறாக்கள் ஒன்றாகக் கிளம்பின. குழாய்க்குள் அவை கீழே, ஆகாயத்தின் அடியாழத்துக்குள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மங்கல்.

“கருவிழி ரெண்டும் கூம்பு மாதிரி முன்னால துருத்திண்டே போறதாம்,” என்றாள் அவன் முதுகைப் பார்த்து. “கண்ணாடிக்கும் நிக்காது, மருந்துக்கும் நிக்காதுன்னார். அடுத்த ஆவணிக்குள்ள… பகலா ராத்திரியான்னு மட்டும் தெரியுமாம்.”